விரலுக்குத் தக்க வீக்கம்

குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பக்கமிருந்து பிழைப்புக்காக வந்து பலமனேரிலேயே தங்கிவிட்ட நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய வேன் இருக்கிறது. ஜீப்பின் அடிச்சட்டத்தில் கட்டிய, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வேன் அது. வாரநாளில் தோட்டத்துக்கும் மண்டிக்கும் போய் வரும். ஞாயிற்றுக்கிழமை பாட்டி முதல் பேரன் வரை ஏற்றிக்கொண்டு காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்கக் கிளம்பும். ஆடி, தை என்றால் சொந்த ஊர்த் திருவிழாவுக்கும் கல்யாணங்களுக்கும் எல்லை தாண்டும். வீட்டில் அதுவும் ஓர் உறுப்பினர் மாதிரிதான்.

சமீப காலமாக இந்த வேன் வைத்திருக்கும் இளைஞர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், நீங்க ரயில்வேயில டீசல் எஞ்சினோடயே காலம் தள்ளினவர். நம்ம வண்டி மொகிலி ஏத்தத்துல திணறுது. பழைய எஞ்சினை இறக்கிட்டுப் பெரிய எஞ்சினா ஏத்திடலாமா?" டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் வரை எஞ்சின் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பழைய எஞ்சினைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் அதே வகை எஞ்சினை அனுமதி பெற்று மாற்றுங்கள். அதுவும் போதாது என்றால் வேனையே மாற்றுங்கள். ஆனால் பழைய உடம்புக்குள் பெரிய எஞ்சினைத் திணிக்காதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

இழுப்பது எஞ்சின் மட்டுமா?

எஞ்சினில் பிறக்கும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேர ஒரு நீண்ட வழி இருக்கிறது. கிளட்ச், கியர் பாக்ஸ், முன்னுக்கும் பின்னுக்கும் இழுப்பைப் பங்கிடும் டிரான்ஸ்பர் கேஸ், இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், அவற்றின் ஜாயின்ட்டுகள், கிரவுன் பினியன், கடைசியில் ஆக்சில். இவை ஒவ்வொன்றும் முதலில் இருந்த எஞ்சினின் முறுக்கு விசைக்குக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால் சங்கிலியின் மெலிந்த கண்ணி எதுவோ அதுதான் முதலில் அறுபடும். பெரும்பாலும் அது சமதளத்தில் அறுபடாது. முழுச் சுமையோடு ஏற்றத்தில் நின்று மறுபடி கிளப்பும்போதுதான் அறுபடும். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும் இடமும் அதுதான்.

நான்கு சக்கர இயக்க வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண வேனில் எஞ்சினுக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். இதில் முன் ஆக்சில் இருக்கிறது. பெரிய எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி கீழே இறங்கி நின்றால், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்சில் மேலெழுந்து அதில் இடிக்கும். இடிக்காமல் இருக்க எஞ்சினைத் தூக்கி வைத்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி ஜாயின்ட் சீக்கிரம் தேயும். முன்புறம் எடை கூடுவதால் ஸ்டியரிங் கனக்கும். முன் ஸ்பிரிங் தொய்யும். பழைய ரேடியேட்டர் புதிய சூட்டுக்குப் போதாது. பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்து டீசல் வைப்பவர்கள் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தால்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் கிடையாது. அதற்குத் தனிப் பம்பு வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் பிரேக் பெடல் கல்லாக இருக்கும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப் போனால், எஞ்சின் விலையைவிட மற்றச் செலவு அதிகமாகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

எங்கள் துறையில் இதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். டபிள்யூ.டி.எம்.-2 என்ற டீசல் எஞ்சின் 1960-களிலிருந்து நம் ரயில்களை இழுத்தது. அதன் சக்தி 2600 குதிரைத் திறன். 1994-இல் தொடங்கி இதை 3100 ஆக உயர்த்தினார்கள். அதே 16 சிலிண்டர் எஞ்சின்தான். ஆனால் டர்போ சார்ஜர், எரிபொருள் பம்பு, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு என்று ஒன்றோடொன்று பொருந்தும்படி மாற்றினார்கள். ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடாத சக்திக்கே இவ்வளவு ஏற்பாடு. இது தவிர, புதிய வகை எஞ்சின் ஒன்றை ஒரு பாதையில் விடுவதென்றால் லக்னோவில் உள்ள ஆராய்ச்சி அமைப்பின் ஓட்டச் சோதனை, பிரேக் போட்டபின் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்ற சோதனை, ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் சம்மதம் எல்லாம் வேண்டும். ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் உள்ள துறையே இப்படிப் பயந்து பயந்து செய்யும் காரியத்தை, ஒரு ஷெட்டில் வெல்டிங் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பது சரியா?

ஏற்றத்தைவிட இறக்கம் பெரிது

இளைஞர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஏற்றத்தில் திணறினால் என்ன நடக்கும்? வண்டி மெதுவாகப் போகும். பின்னால் வருபவன் ஹாரன் அடிப்பான். அவ்வளவுதான். உயிர் போவது இறக்கத்தில்.

பலமனேர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. "ஏழைகளின் ஊட்டி" என்று அதனால்தான் பெயர். சித்தூர் சுமார் 330 மீட்டர். இரண்டுக்கும் இடையே சாலை மொத்தத்தில் 350 மீட்டர் இறங்குகிறது. ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள வேன் அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், இருபது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு சூடு வரும். இதில் ஒரு பகுதியை எதிர்க்காற்றும் டயரும் விழுங்கும்; கீழ் கியரில் வந்தால் எஞ்சினும் நிறைய விழுங்கும். மிச்சம் முழுவதும் நான்கு பிரேக் டிரம்களுக்குள்தான் போக வேண்டும். டிரம் சூடேறினால் லைனிங் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் பழையதாகி ஈரம் குடித்திருந்தால் சீக்கிரமே கொதிக்கும். பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது.

பெரிய எஞ்சின் இறக்கத்திலும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து நிறுத்துமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பெரிய எஞ்சின் போட்டவர் யாராவது பழைய வேகத்தில் வருகிறாரா? கையில் சக்தி இருக்கிறது என்ற நினைப்பே காலை ஆக்சிலேட்டரில் அழுத்தும். 40 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி 60 கி.மீ. வேகத்தில் வந்தால், வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. எஞ்சினைப் பெரிதாக்கியவர்கள் பிரேக் டிரம்மைப் பெரிதாக்குவதில்லை.

மொகிலி கணவாய் நமக்குப் புதிதல்ல. 2024 செப்டம்பரில் அங்கே பேருந்தும் லாரியும் மோதிப் பல உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விபத்துக்கும் எஞ்சின் மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சாலை எவ்வளவு கொஞ்சமாக மன்னிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். ரயில்வேயில் மலைப்பாதை ஏறுவதற்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைச் சேர்த்துத் தள்ளுவோம். அதோடு ஏறும் பிரச்சினை முடிந்தது. இறங்குவதற்குத்தான் பிரேக் சோதனை, வேகக் கட்டுப்பாடு, கட்டுமீறி வரும் வண்டியைத் திருப்பி நிறுத்தத் தனித் தண்டவாளம் என்று அத்தனை ஏற்பாடு. இறக்கத்துக்குப் பயந்தவனே மலை ஓட்டுநர்.

"மற்றவர்கள் செய்கிறார்களே?"

இது நியாயமான கேள்வி. மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து 3636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூ சிகரத்துக்கு 1950-களின் லேண்ட்ரோவர் வண்டிகள் பல்லாண்டுகள் பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றில் பலவற்றில் மூல எஞ்சின் போய், மகிந்திரா டீசல் எஞ்சின் ஏறியது. படம் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

ஆனால் கவனியுங்கள். அந்த ஓட்டுநர்கள் வேகத்துக்காக எஞ்சின் மாற்றவில்லை. மூல எஞ்சினுக்கு உதிரிப் பாகம் கிடைக்காததால், பக்கத்து ஊரில் கிடைக்கும் எஞ்சினை வைத்தார்கள். சுமார் 30 கி.மீ. கல்பாதையை ஊர்ந்து ஊர்ந்தே ஏறினார்கள். அந்த வண்டி நெடுஞ்சாலையில் லாரியை முந்தப் பிறந்ததல்ல.

ஜீப் தயாரித்த நிறுவனமே எஞ்சின் மாற்றவில்லையா என்றும் கேட்பார்கள். மாற்றியது. பழைய ஜீப்பில் இருந்தது 2199 சிசி பெட்ரோல் எஞ்சின். எழுபதுக்கு மேல் குதிரைத் திறன். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் நாடே டீசலுக்குத் திரும்பியது. மகிந்திரா 1979-இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கி 2112 சிசி டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் சக்தி 62 குதிரைத் திறன். அதாவது சக்தி குறைந்தது! ஆனாலும் அந்த வண்டிகள் மலை ஏறின, காடு ஏறின. சக்தியின் எண்ணிக்கையில் அல்ல, கியரின் பொருத்தத்தில்தான் காரியம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உங்கள் வேனிலேயே ஒரு பெரிய எஞ்சின் ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பழைய ஜீப் வகை டிரான்ஸ்பர் கேஸில் 'லோ' போட்டால் இழுப்பு 2.46 மடங்கு ஆகும். 2112 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு 2523 சிசி எஞ்சின் வைத்தால் கொள்ளளவு ஏறுவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தோட்டத்துச் சேறு, ஏரிக்கரை, கல்மேடு இவற்றுக்கு அந்த ஒரு லிவரே போதும். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் அதைப் போடக் கூடாது. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். தார்ச்சாலை ஏற்றத்துக்கு இரண்டாவது கியரும் பொறுமையும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு 2000-இல் திருத்தப்பட்டது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். எரிபொருளை மாற்றும் அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுதி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. பிரிட்டனில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள், "இங்கே எஞ்சினை மாற்றிவிட்டு அரசுக்கும் காப்பீட்டுக்காரருக்கும் தெரிவித்தால் முடிந்தது" என்பார்கள். அந்த ஊர்ச் சட்டம் அது. நாம் ஓட்டுவது இங்கே.

பலமனேர் மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில் இருக்கிறது. ஒரே நாளில் ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் நம் வண்டி ஓடும். எங்காவது நிறுத்தி எஞ்சின் நம்பரைப் பார்த்து, அது ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் திருட்டு எஞ்சினோ என்ற சந்தேகம் முதலில் வரும். புதுப்பேட்டையிலோ பெங்களூரிலோ காயலான் கடையில் ரசீது இல்லாமல் வாங்கியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு நம்மிடம் பதிலும் இருக்காது. வெளியூரிலிருந்து வந்து, பேச்சிலேயே வேற்றூர்க்காரன் என்று தெரியும் நமக்குக் காகிதம் சுத்தமாக இருப்பது மற்றவர்களைவிட இரட்டிப்பு அவசியம்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். காப்பீடுதான் பெரிய விஷயம். விபத்து நடந்தால் சர்வேயர் முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும்தான். மாறியிருந்தால் நம் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகலாம். எதிர்த் தரப்புக்கு நிறுவனம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வரும் வழக்குகளும் உண்டு. அப்படி ஒரு தீர்ப்பு வந்தால், இருபது வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வீட்டு மனை ஒரே நாளில் போகும். ஏற்றத்தில் ஐந்து நிமிஷம் மிச்சம் பிடிக்க இவ்வளவு பணயமா?

என்ன செய்யலாம்?

எஞ்சின் திணறுகிறது என்றால் அது சிறியது என்று அர்த்தமில்லை. சோர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். புதிதாக இருந்தபோது இதே வண்டி இதே ஏற்றத்தில் ஏறியதுதானே? முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜெக்டரையும் பம்பையும் நல்ல கடையில் காலிபரேஷன் செய்யுங்கள். பிறகு கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் போர் எடுத்து பிஸ்டன், ரிங் மாற்றுங்கள். கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் எங்காவது ஒட்டிக்கொண்டு இழுக்கிறதா, அழகுக்காகப் பெரிய டயர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். டயரின் சுற்றளவு கூடினால் கியர் விகிதமே மாறி இழுப்பு குறையும். இவற்றையெல்லாம் செய்த வண்டி ஏறவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், பேசலாம்.

எஞ்சின் பிளாக்கே வெடித்துவிட்டது என்றால், அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை ரசீதோடு வாங்குங்கள். அதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்று, புதிய நம்பரை ஆர்.சி.யில் ஏற்றி, காப்பீட்டுக்காரருக்கும் எழுதிக் கொடுங்கள். இது அலைச்சல்தான். ஆனால் முறையான அலைச்சல்.

குளிர்சாதனம் வேண்டும், பத்துப் பேர் ஏறவேண்டும், நெடுஞ்சாலையில் 80-இல் போகவேண்டும் என்றால் அந்த வேலைக்கென்றே செய்த வண்டி வேறு. பழையதை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, கூடப் போட்டு அதை வாங்குங்கள். பாட்டனார் வேட்டியைப் பேரனுக்குக் கட்டிவிடலாம். பேரனின் சட்டையைப் பாட்டனாருக்கு மாட்டினால் கிழியத்தான் செய்யும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கண் சிகிச்சை முகாமும் ரத்த தான முகாமும் நடத்துகிறோம். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேக் சோதனை முகாம் ஒன்று நடத்தினால் என்ன? நம் உறுப்பினர்களில் மெக்கானிக் அன்பர்கள் இருக்கிறார்கள். லைனிங் தேய்ந்திருக்கிறதா, பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதா, டயரில் பட்டன் இருக்கிறதா, காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று வண்டிக்குப் பத்து நிமிஷம் பார்த்தால் போதும். வந்து நின்று பார்க்க நான் தயார். டார்ச் லைட்டும் ஸ்பானரும் என்னிடம் இருக்கின்றன. இடத்தையும் தேதியையும் செயற்குழு முடிவு செய்யட்டும்.